‘மறுபடியும் விளக்குவேன்’ என்பது பாதி பதில்தான்

ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்ததும், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரப் பிள்ளைகள் சிலர் எங்கள் வீட்டு அஞ்சடியில் (முன்தாழ்வாரத்தில்) வந்து உட்காருவார்கள். கையில் தடித்த கோப்பு இருக்கும். சான்றிதழ்கள் வரிசை மாறாமல் அடுக்கியிருக்கும். கல்வி அமைச்சின் திட்டங்கள் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பார்கள். நான் 24 ஆண்டுகளாகத் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் கற்பித்து வருகிறேன். தேநீர் கலந்து கொடுத்துவிட்டு முதலில் இந்தக் கேள்வியைத்தான் கேட்பேன்: “ஒரு மாணவன் பாடத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். என்ன செய்வீர்கள்?”

“மறுபடியும் விளக்குவேன், டீச்சர். எளிமையாக விளக்குவேன். பயிற்றுத்துணைப்பொருள் பயன்படுத்துவேன்.”

பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். என் முதல் நேர்முகத் தேர்வில் நானும் இதைத்தான் சொன்னேன். எதிரே இருந்தவர்களில் மூத்தவர், “அப்போதும் அவன் அதையே சொன்னால்?” என்றார். “வேறு முறையில் விளக்குவேன்” என்றேன். “மூன்றாவது முறையும் அதையே சொன்னால்?” எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த ஆண்டு எனக்கு வேலை கிடைக்கவில்லை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போய்வந்து என்னைப் படிக்கவைத்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கான பதிலை வகுப்பறையில்தான் மெல்ல மெல்லக் கற்றேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கேள்வி எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ளுங்கள். மலாய் மொழியில் கேட்டால் ‘மிஸ்கொன்செப்சி’ (தவறான புரிதல்) என்ற சொல் வரும். அது வந்ததும் பலர் ‘பலவீனமான மாணவர்’, ‘பின்தங்கிய மாணவர்’ என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேயே பதில் தடம் மாறிவிடுகிறது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொல்கிறோம். ஒரு பிள்ளை 24 என்று எழுதுகிறது. ‘இன்னொரு முறை பார்’ என்றதும் தானே 25 என்று திருத்திக்கொள்கிறது. அது கவனப்பிழை. இன்னொரு பிள்ளை ஒன்றும் எழுதாமல் வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. அது தெரியாமை. மூன்றாவது பிள்ளை 35 என்று எழுதுகிறது. 63-இலிருந்து 48 போனால் 25 என்கிறது. 81-இலிருந்து 36 போனால் 55 என்கிறது. மூன்று விடையும் தவறு, ஆனால் மூன்றும் ஒரே விதிப்படி வந்தவை. பெரிய இலக்கத்திலிருந்துதான் சிறிய இலக்கத்தைக் கழிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளை தனக்கென ஒரு விதி வைத்திருக்கிறது. ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து எழுதுகிறது. அதுதான் தவறான புரிதல். அந்தப் பிள்ளை யோசிக்கிறது, உழைக்கிறது, விதி தவறாமல் நடக்கிறது. விதிதான் பிழை.

இந்த மூன்றையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தாலே, நீங்கள் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்தை உண்மையிலேயே உட்கார்ந்து திருத்தியவர் என்று எதிரே இருப்பவருக்குத் தெரிந்துவிடும். நாற்பது விநாடிக்கு மேல் ஆகாது.

அடுத்து, வரையறையை விட்டுவிட்டு ஒரு பிள்ளையிடம் போங்கள். உங்கள் பயிற்சிக் காலத்தில் சந்தித்த ஒரு மாணவர், அவர் சொன்ன ஒரு தவறான விடை, நீங்கள் செய்த ஒரு சோதனை, பிறகு நடந்தது. இது ஒன்றைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து வேண்டாம். ஒன்று உறுதியாக இருந்தால் போதும். பிள்ளையின் பெயரையும் பள்ளியின் பெயரையும் சொல்லாதீர்கள். ‘ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர்’ என்றால் போதும்.

நான் வைத்திருப்பதைச் சொல்கிறேன். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் சிராப் என்ற சிவப்புச் சர்பத்தைப் பிளாஸ்டிக் பையில் கட்டித் தருவார்கள். ஐஸ் போட்டு, உறிஞ்சுகுழல் செருகி, ராஃபியா கயிற்றால் இறுக்கிய பை. வெயில் நேரத்தில் அதை மேசையில் தொங்கவிட்டால் ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் முழுவதும் நீர்த்துளி பூத்துவிடும். ஐந்தாம் ஆண்டு வகுப்பில் அந்தப் பையை உயர்த்திப் பிடித்து, “இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். ‘பையில் ஓட்டை’ என்றார்கள் சிலர். ‘ஐஸ் தண்ணீர் கசிகிறது’ என்றார்கள் மற்றவர்கள். காற்றிலுள்ள நீராவி என்று அதற்கு முந்தைய வாரம்தான் நான் விளக்கியிருந்தேன். பயிற்சி நூலில் அனைவரும் சரியாக எழுதியும் இருந்தார்கள்.

நான் விளக்கவில்லை. “கசிந்தால் அந்தத் துளி என்ன நிறத்தில் இருக்க வேண்டும்?” என்று மட்டும் கேட்டேன். ‘சிவப்பு’ என்றார்கள். வெள்ளைத் திசுத்தாளால் பையைத் துடைக்கச் சொன்னேன். தாள் நனைந்தது; சிவப்பு ஒட்டவில்லை. வகுப்பு அமைதியானது. என் மனத்தில் வெற்றி பெற்ற நினைப்பு. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, “நிறம் பைக்குள்ளேயே தங்கிவிடும், டீச்சர். தண்ணீர் மட்டும் வெளியே வரும். பாட்டி தேநீர் வடிகட்டும்போது தூள் உள்ளே நிற்கிறதே, அது மாதிரி” என்றான்.

அந்தப் பையனை வாயை மூடு என்று சொல்லியிருந்தால் நான் ஆசிரியராக இருக்கத் தகுதியில்லாதவள். அவன் சொன்னது தவறு, ஆனால் அதைவிட நல்ல வாதத்தை அன்று அந்த வகுப்பில் யாரும் சொல்லவில்லை. என் சோதனையில் ஓட்டை இருந்தது. அதை அவன் கண்டுபிடித்தான். மறுநாள் ஓர் எவர்சில்வர் கரண்டியைச் சிற்றுண்டிச்சாலைப் பனிப்பெட்டியில் வைத்து எடுத்துவந்து, அவன் கையாலேயே நன்றாகத் துடைக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கரண்டியின் மேல் மங்கலாக ஈரம் படிந்தது. “கரண்டிக்குள் தண்ணீர் இருக்கிறதா?” என்று கேட்டேன். அவன் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு மெதுவாக, “அப்படியென்றால் வெளியே இருந்துதான் வந்திருக்க வேண்டும்” என்றான். காற்று, நீராவி, குளிர்ந்த பரப்பில் ஆவி நீராவது ஆகியவற்றை நான் விளக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். இந்த முறை அவர்களுக்கு அந்த விளக்கம் தேவைப்பட்டது.

மூன்று வாரம் கழித்து ஈப்போவுக்குப் பள்ளிச் சுற்றுலா போனோம். குளிர்சாதன பஸ்ஸின் கண்ணாடி மங்கியிருந்தது. அவனிடம், “ஈரம் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். விரலால் உட்பக்கம் தடவிப் பார்த்துவிட்டு, “வெளிப்பக்கம், டீச்சர். வெளியேதானே காற்று சூடாக, ஈரமாக இருக்கிறது” என்றான்.

நேர்முகத் தேர்வில் இந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்ல வேண்டும். ஆகவே எதை விடக்கூடாது என்று பாருங்கள். பிள்ளை சொன்ன தவறான விடையைப் பிள்ளையின் வார்த்தையிலேயே சொல்லுங்கள். அதற்குப் பின்னாலிருந்த நியாயத்தைச் சொல்லுங்கள். நீங்கள் விளக்குமுன் பிள்ளையைக் கணிக்க வைத்து, கவனிக்க வைத்து, பிறகு விளக்க வைத்ததைச் சொல்லுங்கள். கடைசியாக, சில வாரம் கழித்து வேறொரு சூழலில் சோதித்துப் பார்த்ததைச் சொல்லுங்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். அன்றைய பாடம் முடியும்போது சரியான விடை வருவது பெரிதில்லை. பழைய எண்ணம் எளிதில் போகாது. பயிற்சி நூலில் ஒன்றை எழுதிவிட்டு மனத்தில் இன்னொன்றை வைத்திருப்பது பிள்ளைகளுக்கு மிகவும் இயல்பு. பஸ் கண்ணாடியைப் பார்க்காமல் என் கதையை முடித்தால் அது பாதிக் கதை.

கோட்பாடு கேட்டால் சொல்லலாம். 1982-ஆம் ஆண்டு போஸ்னரும் அவருடைய மூன்று சகாக்களும் கருத்து மாற்றம் பற்றி எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பலரும் எடுத்துக்காட்டுவது. பழைய எண்ணம் போதவில்லை என்று கற்பவருக்கே தோன்ற வேண்டும்; புதிய கருத்து புரிய வேண்டும்; நம்பும்படி இருக்க வேண்டும்; பல இடங்களில் பயன்பட வேண்டும். இந்த நான்கும்தான் அவர்கள் சொன்னவை. திசுத்தாளும் கரண்டியும் பஸ் கண்ணாடியும் எதெதற்குப் பொருந்துகின்றன என்று நீங்களே பொருத்திப் பார்க்கலாம். ஆனால் பிள்ளையை முதலில் சொல்லுங்கள், போஸ்னரைப் பிறகு சொல்லுங்கள். மாற்றிச் சொன்னால் புத்தகம் ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும்.

இனி வரும் கிளைக் கேள்விகள்.

“தவறான புரிதலை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?” ‘கேள்வி கேட்டுக் கண்டுபிடிப்பேன்’ என்றால் போதாது. எந்தக் கேள்வி? 0.45 பெரியதா, 0.6 பெரியதா என்று கேளுங்கள். பல பிள்ளைகள் 0.45 என்பார்கள், ஏனென்றால் 45 ஆறைவிடப் பெரியது. இதையே பணத்தில், 45 சென் பெரியதா 60 சென் பெரியதா என்று கேட்டால் அனைவரும் சரியாகச் சொல்லிவிடுவார்கள். ரிங்கிட்டில் எப்போதும் புள்ளிக்குப் பிறகு இரண்டு இலக்கம் வருவதால் முழு எண் மாதிரிப் படித்தாலும் சரியான விடை கிடைத்துவிடும். பிழை ஒளிந்துகொள்ளும். அதனால் நான் மீட்டரிலும் கிலோகிராமிலும் கேட்பேன். அதோடு நிறுத்தவும் கூடாது. இலக்கம் குறைவாக இருந்தால் எண் பெரியது என்று நினைக்கும் பிள்ளைகளும் உண்டு, அவர்கள் 0.6 என்று சரியான விடையைத் தவறான காரணத்தால் சொல்வார்கள். அவர்களுக்காக 0.3, 0.75 இரண்டையும் அடுத்துக் கேட்க வேண்டும். தவறாக நினைப்பவருக்குத் தவறான விடை வரும்படி கேள்வியை அமைப்பதுதான் கண்டுபிடிக்கும் வழி. இதைச் சொல்லிப் பாருங்கள், எதிரே இருப்பவர் பேனாவை எடுப்பார்.

“வகுப்பு முழுவதும் தவறாகப் புரிந்துகொண்டால்?” முதலில் என் கற்பித்தலைத்தான் பார்ப்பேன் என்று சொல்லுங்கள், பிறகு எடுத்துக்காட்டு சொல்லுங்கள். தமிழ்ப்பள்ளிக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு இங்கே சொல்ல ஒன்று இருக்கிறது. பின்னத்தை நாம் ‘நான்கில் மூன்று’ என்று படிக்கிறோம். நான்கு முதலில் வருகிறது. காதில் விழும் வரிசையிலேயே எழுதும் பிள்ளை நான்கை மேலே போட்டு மூன்றைக் கீழே போடும். மலாயில் ‘தீகா பெர் எம்பாட்’ என்னும்போது மூன்று முதலில் வரும். இரண்டு மொழியிலும் கணக்குக் கேட்கும் பிள்ளை குழம்புவதில் வியப்பு என்ன? ஒரு முறை என் வகுப்பில் பாதிப் பேர் இப்படி எழுதினார்கள். குவே லாப்பிஸ் என்ற அடுக்குப் பலகாரம் ஒன்றை நான்காக வெட்டி வைத்து, “நான்கில்” என்று சொல்லி நிறுத்தினேன். அவர்கள் துண்டுகளை எண்ணினார்கள். “மூன்று” என்றதும் மூன்றை எடுத்தார்கள். மொத்தம் எத்தனை என்று முதலிலேயே சொல்லிவிடுவது தமிழின் அழகு. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டால் குழப்பம் தந்த அதே சொல்வரிசை துணைக்கு வந்துவிடும்.

“பெற்றோர் தவறாகச் சொல்லிக்கொடுத்திருந்தால்?” தோட்டப்புறத்தில் இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை, எனவே நிதானமாகச் சொல்கிறேன். செம்பனைத் தோட்டத்தில் உரம் போடும் வேலை செய்பவரின் மகள், தாவரத்தின் உணவு உரம் என்று எழுதினாள். அப்பா அப்படித்தான் சொன்னாராம். ‘அப்பா சொன்னது தப்பு’ என்று நான் சொல்லியிருந்தால், அறிவியல் அவள் வீட்டுக்குள் நுழையவே நுழையாது. “அப்பா உரம் போடாவிட்டால் குலை எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். “சிறுத்துவிடும்” என்றாள். “சரிதான், உரம் இல்லாமல் முடியாது. வீட்டில் உப்பில்லாமல் சமைக்க முடியுமா?” என்றேன். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று அவளே முடித்தாள். “உப்பை மட்டும் தின்று வயிறு நிரம்புமா?” அங்கிருந்து பேச்சு நகர்ந்தது. உரத்திலுள்ள தாதுக்கள் மரத்துக்கு உப்பு மாதிரி; சோற்றை மரம் தானே சமைத்துக்கொள்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு, வேர் உறிஞ்சும் நீர், வெயில் இவற்றைக் கொண்டு இலை மாவுச்சத்தைச் செய்கிறது.

அவளுக்கு ஒரு பழைய சோதனையையும் சொன்னேன். 17-ஆம் நூற்றாண்டில் வான் ஹெல்மாண்ட் என்பவர் சுமார் 90 கிலோ உலர்ந்த மண்ணில் 2 கிலோ சொச்சம் எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 76 கிலோவுக்கு மேல் வளர்ந்தது. மண் குறைந்ததோ 60 கிராம்கூட இல்லை. மரத்தின் உடல் மண்ணிலிருந்து வரவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. அனைத்தும் தண்ணீரிலிருந்து வந்தது என்று முடிவு செய்தார். காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. பெரிய அறிஞரே பாதி வழியில்தான் நின்றார் என்று கேட்டதும் அந்தப் பிள்ளையின் முகம் தெளிந்தது. வீட்டுக்குப் போய் அப்பாவிடம் உப்பு, சோறு கதையைச் சொன்னாளாம். அவர் அடுத்த வாரம் பள்ளிக்கு வந்தபோது, உரம் எந்த மாதத்தில் போடுகிறார்கள், மழைக்கு முன்பா பின்பா என்று எனக்கே பாடம் நடத்தினார்.

“நீங்களே தவறாகக் கற்பித்துவிட்டால்?” மறுநாளே வகுப்பில் சொல்லித் திருத்துவேன். இதற்கு மேல் அலங்காரம் வேண்டாம்.

“ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படிச் செய்ய நேரம் எங்கே?” இது கடினமான கேள்வி, நியாயமானதும்கூட. எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது என்று ஒப்புக்கொள்ளுங்கள். எந்தத் தலைப்பில் ஆண்டுதோறும் பிள்ளைகள் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள் என்று குறித்து வைத்து, அங்கே மட்டும் நேரம் ஒதுக்குவேன் என்று சொல்லுங்கள். ஆறாம் ஆண்டில் நடந்த யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வு 2021-இல் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளையின் நிலையை அறிய வகுப்பறை மதிப்பீடு இன்னும் முக்கியமாகிவிட்டது. ஆறு அடைவுநிலைகளில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டால் போதாது. ‘கழித்தலில் பெரிய இலக்கத்திலிருந்து சிறியதைக் கழிக்கிறான்’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் அடுத்த ஆண்டு ஆசிரியருக்கு அது கைவிளக்கு. நான் இதற்கென்றே 80 பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் பிள்ளை சொன்னது, எதிர்ப்பக்கத்தில் நான் அடுத்துக் கேட்டது.

பேச்சைப் பற்றி ஒரு சொல். ‘அவனுக்குப் புரியவில்லை’ என்பதைவிட ‘அவன் இப்படிப் புரிந்துகொண்டிருந்தான்’ என்று சொல்லிப் பழகுங்கள். நேர்முகத் தேர்வு மலாயில் நடந்தால், உங்கள் கதையை மலாயிலேயே நாலைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தமிழில் யோசித்து அங்கே உட்கார்ந்து மொழிபெயர்த்தால் கரண்டியும் திசுத்தாளும் காணாமல் போய், ‘பல்வேறு உத்திகளைப் பயன்படுத்துவேன்’ என்ற வெற்று வாக்கியம் மிஞ்சிவிடும். பயிற்சிக் காலத்தில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்லாதீர்கள். ‘பிறகு என்ன ஆனது?’ என்று இரண்டு முறை கேட்டாலே வெளுத்துவிடும்.

சொல்ல எந்தப் பிள்ளையும் இல்லையே என்று சிலர் என்னிடம் வருத்தப்படுவார்கள். அவர்களுக்கு நான் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. தேர்வுக்கு முந்தைய வாரம் அக்கம்பக்கத்தில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிடுங்கள். ஐஸ் போட்ட மைலோவை ஒரு குவளையில் ஊற்றி முன்னால் வையுங்கள். குவளைக்கு வெளியே துளி பூக்கும்வரை காத்திருந்து, எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். திருத்தாதீர்கள், தலையாட்டாதீர்கள். பிள்ளை சொல்வதை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுதிக்கொள்ளுங்கள். போன மாதம் அப்படிக் கேட்டுவந்த ஒரு தங்கை, தாளை என்னிடம் நீட்டினாள். அவளுடைய அக்கா மகள் சொன்னது அதில் இருந்தது: “ஐஸுக்கும் வெயில்தானே சித்தி, அதனால் வியர்க்கிறது.” அதன் கீழே பாதித் தாள் வெறுமையாக இருந்தது. அடுத்து அந்தக் குழந்தையிடம் என்ன கேட்பாய் என்று எழுதச் சொல்லி, பேனாவை அவள் கையில் கொடுத்தேன்.